பொட்டலைச் சுத்தம் செய்த பிள்ளைகள்

வேலி போட்ட அந்தப் பொட்டலில் ஞாயிறானால் ஜீப்காரர்கள் வந்து புழுதி பறக்க ஓட்டுவார்கள். போகும்போது பாட்டிலையும் தட்டையும் அப்படியே வீசிவிட்டுப் போவார்கள். "குப்பையை அள்ளாட்டி கேட்டைப் பூட்டிடுவேன்" என்று நிலத்துக்காரர் சொன்ன பிறகுதான் துரைமார்களுக்குச் சேவை மனப்பான்மை பிறந்தது. கையுறையும் சாக்குமாக வந்திறங்கி, ஒரு சாக்கு நிறைவதற்குள் ஊர்ப்பட்ட போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கற்களுக்கு நடுவே முட்டையிட்டிருந்த ஆள்காட்டிக் குருவி தொண்டை கிழியக் கத்தியது. ஆனால் அவர்களில் அருகே வந்த ஒருவன் முட்டைக்குப் பக்கத்தில் கிடந்த பாட்டில் மூடியைப் பூப்போல எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனான்.

குருவி உருகிவிட்டது. "பாத்தியா, தங்கமான பிள்ளைங்க! நான்தான் தப்பா நெனச்சுட்டேன்."

"எதுக்காகப் பொறுக்குறாங்கன்னு கேட்டியா?" என்றது வேலியில் இருந்த ஓணான்.

"உனக்கு யாரைப் பாத்தாலும் குறைதான்."

மாலைக்குள் பொட்டல் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. நிலத்துக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனி ஓட்டிக்குங்க தம்பி" என்றார்.

ஜீப்புகள் உறுமிக்கொண்டு பாய்ந்தன. குருவி சிறகை விரித்து முட்டைக்கு முன்னால் நின்று கத்திப் பார்த்தது. கடைசியில் அதுதான் விலக வேண்டியிருந்தது.

சற்றுத் தள்ளி ஜீப் நின்றது. மூடி பொறுக்கிய அதே பிள்ளை இறங்கி, டயரில் வழிந்த மஞ்சள் கருவைக் காகிதத்தால் துடைத்தான். காகிதத்தைக் கீழே போடப் போனவன், நாக்கைக் கடித்துக்கொண்டு, அதைப் பத்திரமாகச் சாக்கில் போட்டான்.

"தங்கமான பிள்ளைதான்" என்றது ஓணான்.