முதல்ல முள்ளைப் பார்க்கணும்

வறண்டுபோன ஓடைக்கு அந்தப் பக்கத்து முயல்களை நரி விடாமல் வேட்டையாடியதால், முள்ளம்பன்றி தன்னிடமிருந்து உதிர்ந்த முட்களை அவற்றுக்குக் கொடுத்தது. வளை வாசலில் மட்டுமே நட வேண்டும், எப்போது வந்து கேட்டாலும் காட்ட வேண்டும் என்பது பேச்சு. முதல் முறை வந்தபோது கிழங்கு விருந்திலேயே பொழுது போய்விட்டது. இந்த முறை முள்ளம்பன்றி உட்காரவில்லை.

“கிழங்கு நல்லா இனிக்குதுண்ணே, உட்காருங்க” என்றது மூத்த முயல்.

“முதல்ல முள்ளைப் பார்க்கணும்.”

“எங்க மேல நம்பிக்கை இல்லையா?”

“இருக்கப்போய்த்தானே கொடுத்தேன். ஆனா யாரைக் குத்தினாலும் குத்துறது என் முள்ளுதானே?”

வளை வாசலில் பாதி முட்களே இருந்தன. மீதி, சுனையைச் சுற்றி வேலியாக நின்றன. வேலிக்கு வெளியே ஒரு கௌதாரி, காலில் முள் கிழித்த காயத்தோடு, தாகத்தில் துவண்ட குஞ்சுகளை அணைத்தபடி நின்றது.

“நரி தண்ணி குடிக்க வந்துடக் கூடாதேன்னு...” என்று இழுத்தது முயல்.

“அப்படியா? நரிக்கு எப்பப்பா இறக்கை முளைச்சுது?”

முயலின் காதுகள் தொங்கிப்போயின. “எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவீங்களாண்ணே? நரி இன்னும் இங்கதான் சுத்துது.”

“வாசல்ல இருக்கறது அங்கேயே இருக்கட்டும். அடுத்த தடவை மட்டும் நீ எனக்குச் சுத்திக்காட்ட வேண்டாம். கௌதாரி காட்டட்டும்.”

முயல் சுனையோரத்து முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. பிறகு, குஞ்சுகள் குடித்து முடிக்கும்வரை, நரி வருகிறதா என்று புதரைப் பார்த்தபடி அங்கேயே காவல் நின்றது.