பெயர் எழுதாத மணமேடைத் திரை

மார்த்தபுராவில், மஞ்சள் வெல்வெட் மணமேடைத் திரையின் நாக உருவத்துக்குச் சமிக்கி தைத்துக்கொண்டிருந்தாள் மஸ்னியா.

"யாரோட கல்யாணத்துக்கும்மா? ஆர்டர் நோட்டுல பேரே காணோமே?" என்று துளைத்தாள் அர்பைனா.

"உனக்குத்தான்டி. படகோட்டி ஷர்காவி போன மாசமே பொண்ணு கேட்டு வந்தான். உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடு, திரையை வித்துடறேன்."

அர்பைனாவின் முகம் சிவந்தது. பிடிக்காமல் என்ன?

"நான் போயிட்டா உன்னை யாரு பாத்துப்பாங்க?"

"என் மகன் தவறிப்போய் ஆறு வருஷமாச்சு. இன்னும் எத்தனை நாளைக்குத்தான் மாமியாருக்கு ஊசி கோத்துக் குடுத்துட்டு இருப்பே?"

அர்பைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு இந்த வீட்டுக்கே வந்துடுவாரான்னு கேளும்மா. வர்றேன்னா எனக்குச் சம்மதம்."