ஆறாவது நிமிடம்

நர்ஸ் அவன் நெஞ்சில் பத்து இடங்களில் ஒட்டு போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஒயரை மாட்டிவிட்டாள்.

"நடங்க. முடியலைன்னா சொல்லுங்க, நிறுத்திடலாம்."

காலுக்கடியில் ரப்பர் பட்டை நகரத் தொடங்கியது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா வீட்டில் மூன்று நாளாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லை? ஏறுவதும் இறங்குவதும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மேசையில் கோப்பு திறந்திருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநர். வயது நாற்பத்தொன்பது. உயரத்தில் வேலை பார்க்கத் தகுதி உண்டா என்று கம்பெனி கேட்டிருந்தது. கீழே இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. டாக்டரம்மா பேனாவை மூடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நிமிடம் பட்டை வேகமெடுத்தது. முன்பக்கம் மேடாக உயர்ந்தது. வேர்த்தது. வேர்க்கட்டும்.

ஐந்தாவது நிமிடம் தாடையில் ஓர் இழுப்பு.

பழகிய இழுப்புதான். சுமையோடு மூன்றாவது மாடியைத் தாண்டும்போது எட்டிப் பார்க்கும். நின்று நாலு மூச்சு விட்டால் போய்விடும். வாய்வு என்று விட்டுவிட்டான்.

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். பாஸாகியே தீர வேண்டும்.

ஆறாவது நிமிடம் டாக்டரம்மா எழுந்து வந்து, தானே பொத்தானை அழுத்தி நிறுத்தினார்.

"இன்னும் நடப்பேன் டாக்டர்."

"நடப்பீங்கன்னு தெரியும். போதும், வந்து படுங்க."

நாக்குக்கடியில் எதையோ தெளித்தார்கள். தாடை மெல்ல விட்டது. அது விட்டதுதான் அவனைப் பயமுறுத்தியது. வாய்வாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் அடங்கியிருக்காதே.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீளக் காகிதத்தில் கோடு தாழ்ந்திருந்த இடத்தை விரலால் காட்டினார். உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற இதயத்துக்கும் தனியாக ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருகிற குழாய்களில் கொழுப்பு படிந்திருக்கிறது போலத் தெரிகிறது. சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் போதும், ஏறும்போது போதாது. ஆஞ்சியோ எடுத்தால்தான் எத்தனை இடம், எவ்வளவு அடைப்பு என்று தெரியும். மாத்திரையா, ஸ்டென்டா, பைபாஸா என்பது அப்புறம். தள்ளிப்போடக் கூடாது.

"வீட்ல யாருக்காவது ஹார்ட்ல பிரச்சினை இருக்கா?"

"அப்பாவுக்கு. அம்பத்திரண்டு வயசுல. ஷூ கயிறு கட்டக் குனிஞ்சவர் நிமிரவே இல்ல."

"கூடப் பொறந்தவங்க?"

அவன் கூரையைப் பார்த்தான்.

"தம்பி ஒருத்தன். வீடு வீடா சிலிண்டர் தூக்கறான். அவனுக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்கான்."

"இருக்கட்டும். அவரையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க."

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்து, அடியில் ஆஞ்சியோ உடனே என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, காகிதத்தை நீட்டினார்.

வெளியே, கடைசி பெஞ்சில், அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா தம்பி, என்னைப் பாஸ் பண்ணி விட்டியா?"

இருவருக்கும் அப்பாவை உரித்து வைத்த முகம். அண்ணனின் கம்பெனி அட்டையைக் காட்டி, அண்ணனின் பெயரைச் சொல்லித் தம்பி உள்ளே போக அது போதுமானதாக இருந்தது. நாலு மாதமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிரேன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவன் அண்ணன்தான். டாக்டரிடம் போனால் எழுதிவிடுவார்கள், எழுதினால் கிரேன் போய்விடும் என்று வாயே திறக்கவில்லை. பெண்கள் இரண்டு பேரும் இன்னும் படிக்கிறார்கள். எனக்கென்னண்ணே, குதிரை மாதிரி ஓடிட்டு வரேன் என்று முன்வந்தவன் தம்பி.

தம்பி காகிதத்தைக் கொடுத்தான்.

அண்ணன் முதலில் தன் பெயரைப் படித்தான். பிறகு டிக்கைப் பார்த்தான். முகம் செத்துப்போனது.

"போச்சு. கிரேன்லேருந்து இறக்கிடுவானுங்க. அந்த மெஷினுக்கு எப்படிடா தெரிஞ்சுது, எனக்கு..."

பாதியில் நிறுத்தினான்.

காகிதத்தை மறுபடி படித்தான். இந்தத் தடவை பெயரைப் படிக்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தான். தம்பி சட்டைப் பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தான்.



அண்ணன் எழுந்தான்.

"பேரை மாத்திச் சொல்லிட்டு வரேன். ஆஞ்சியோ உன் பேர்லதான் எழுதணும்."

"வேண்டாண்ணே. சொன்னா வேலையோட நிக்காது, போலீஸ் வரைக்கும் போகும்."

அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரம்மாவின் கதவு இருபதடி தூரத்தில் இருந்தது. பாதி வழியில் நின்றான். ஒரு கையைச் சுவரில் ஊன்றினான். இன்னொரு கை நெஞ்சுக்குப் போனது.

தம்பி பதறி எழுந்தான். எதற்காகவும் ஓடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

நடந்து போனான்.