கோடு விழாத லோடு

"ஏலே பாண்டி, அந்தப் பிளாஸ்டிக்கைக் கிழிக்காதலே!"

லட்சுமிகாந்தம் கத்தி முடிப்பதற்குள் பாண்டிராஜ் இன்னொரு சைக்கிளையும் உரித்துவிட்டான். விருதுநகர் சைக்கிள் கடை வாசலில் பிளாஸ்டிக் உறைகள் வெங்காயச் சருகு மாதிரி பறந்தன.

"உறையோட கட்டுனா கயிறு வழுக்கும் அண்ணாச்சி. பட்டாசு லோடு அடிக்கிறவன் நான். லோடு வழுக்குனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

"ஏன், சைக்கிள் வெடிக்குமாக்கும்?"

"வெடிக்காது. ஆனா கைப்பழக்கம் விடமாட்டேங்குதே."

லட்சுமிகாந்தம் பட்டாசுக் கம்பெனி மேனேஜர். முதலாளி நவநீதகிருஷ்ணனுக்கு அன்று பிறந்தநாள். நாரணாபுரத்தில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் விழா. பந்தல், மாலை, பத்திரிகைக்காரர்கள் எல்லாம் தயார். முதலாளியின் கருணை மட்டும் இன்னும் பிக்கப் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது.

பாண்டிராஜின் மகள் சினேகாவுக்கும் ஒரு சைக்கிள் உண்டு. ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு மழையோ வெயிலோ நடைதான். காலையில் அவன் வண்டியை எடுக்கும்போதே, "எனக்கு நீலக் கலருப்பா, மறந்துராத" என்று வாசல்வரை ஓடிவந்து சொல்லியிருந்தாள்.

"உன் பிள்ளைக்கும் சேத்துத்தானலே ஏத்துற? பூ மாதிரி ஏத்த வேண்டாமா? போன வருசம் விஸ்வநத்தம் விழாவுக்கு நீதானே ஏத்துன? ஒரு கோடு விழலையே!"

"விழல அண்ணாச்சி. வீட்டுக்காரி சேலையெல்லாம் அள்ளிட்டு வந்து ஒவ்வொண்ணுக்கும் இடையில மடிச்சு வச்சேன். பேப்பர்ல படம்கூட பளபளன்னு வந்துச்சே."

"அந்தச் சேலையெல்லாம் இப்ப எங்க?"

"இந்த வருசம் அவ விழாவுக்கு வர்றா. இருக்கிறதுல ஒண்ணைக் கட்டிக்கிட்டா, மத்ததைப் பூட்டி வச்சிட்டா."

சேலைக்குப் பதில் கோணிச்சாக்கை நனைத்துப் போட்டான். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி பறக்குமாம். வரிசையாக நிற்கவைத்துக் கட்டினான். ஆமத்தூர் வேகத்தடையில் அத்தனையும் சரவெடி மாதிரி ஒன்றையொன்று தட்டிக்கொண்டு சாய்ந்தன.

லட்சுமிகாந்தம் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார்.

"இதுக்கு வேற வழி இருக்கு அண்ணாச்சி," என்றான் பாண்டிராஜ், கொஞ்சமும் கலங்காமல். "தலைகீழா நிப்பாட்டிருவோம். சீட்டும் ஹேண்டிலும் கீழ, சக்கரம் மேல."

அப்படியே நிறுத்தினான். திருத்தங்கல் வருவதற்குள் நாலு சீட்டு கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. இருந்த மணிகளில் பாதி நசுங்கிச் சப்பிப்போயின.

"முன்சக்கரத்தைப் பின்கதவுக்கு வெளிய தொங்கவிட்டு அடுக்குனா அசையாது. ஒண்ணோட பெடலை அடுத்ததோட கம்பிக்குள்ள சொருகணும்..."

"நீ எதையும் சொருக வேண்டாம்! உன்னை நம்பியா சீசன்ல பட்டாசு ஏத்தி அனுப்புறோம்? சிவகாசி இன்னும் இருக்கிறதே அந்த மாரியாத்தா புண்ணியம்."

"நானும் அதைத்தான் நினைச்சுக்கிடுவேன் அண்ணாச்சி," என்றான் பாண்டிராஜ் பணிவாக. பிறகு சொருகினான்.

விழா ஜோராக நடந்தது. "என் பிள்ளைகள் வேறு, தொழிலாளி பிள்ளைகள் வேறு என்று நான் பார்த்ததே இல்லை" என்று முதலாளி மைக்கில் உருகினார். அவர் மகன் ஹரிபிரசாத் ஏசி போட்ட காருக்குள் போன் பார்த்துக்கொண்டிருந்தான். கேமரா பளிச்சிடும்வரை ஒவ்வொரு ஹேண்டிலையும் பிடித்திருந்துவிட்டு, ஈரச் சாக்கிலிருந்து ஹேண்டிலுக்கும் ஹேண்டிலிலிருந்து கைக்கும் ஒட்டிய சேற்றைத் துடைத்தபடி முதலாளி கிளம்பினார்.

கார் கண்ணிலிருந்து மறைந்ததும் லட்சுமிகாந்தம் மைக்கைப் பிடித்தார்.

"பிள்ளைகளா, சைக்கிளுக்குக் காத்தடிச்சு எண்ணெய் போடணும். எல்லாரும் வண்டிகிட்ட கொண்டு வந்து விட்டுருங்க. நாளைக்கு வீட்டுக்கே வந்துரும்."

சினேகா நீல சைக்கிளை விடவில்லை. "காத்து இருக்குங்க சார். எங்கப்பா வர்ற வழியிலயே அடிச்சிட்டாங்க."

லட்சுமிகாந்தம் பாண்டிராஜைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சைக்கிள் கடை அய்யாதுரை எழுந்து வந்தார். முதலாளிக்கு மச்சான். ஒவ்வொரு சைக்கிளாகத் தடவிப் பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

"என்னய்யா இது? பெயிண்டெல்லாம் பேந்திருக்கு, சீட்டு கிழிஞ்சிருக்கு! போட்டோ எடுத்ததும் போன மாதிரியே திரும்பி வரணும்னுதானே பேச்சு? இதைப் புதுசுன்னு எவன் வாங்குவான்? என் கடை வாசல்ல இதைக் கொண்டாந்து இறக்குன, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கே குடுத்துத் தொலைங்க. பில்லு கம்பெனிக்கு வரும்."

'குடுத்துத் தொலைங்க' என்ற சொல் காதில் விழுந்ததும் பிள்ளைகள் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. தெரு முனைவரை ஒரே மணிச் சத்தம். சினேகாவின் சப்பிப்போன மணி மட்டும் தவளை மாதிரி கரகரத்துக்கொண்டே போனது.

லட்சுமிகாந்தம் பிக்கப் மேல் சாய்ந்துவிட்டார். "நாசமாப் போறவனே! போன வருசம் அம்புட்டு அருமையா ஏத்துனியேலே!"

பாண்டிராஜ் கயிற்றைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் போட்டான்.

"அதான் அண்ணாச்சி, அம்புட்டும் அருமையா கடைக்குத் திரும்பிப் போச்சு. விஸ்வநத்தத்துப் பிள்ளைக இன்னும் நடந்துதான் போகுதுக."