குளத்தில் இறங்காத விமானம்

"தண்ணியிலேயும் இறங்குற விமானம். பக்கத்துலயே குளம். அதை விட்டுட்டு வெங்காயக் காட்டுல கொண்டுபோய்ச் சொருகியிருக்கீங்க. ஏன்?"

மெட்ராஸிலிருந்து வந்த விசாரணை அதிகாரி திரும்பத் திரும்ப இதையேதான் கேட்டார்.

கையில் கட்டோடு நின்ற பைலட் உடையப்பனும் அதே பதிலைத்தான் சொன்னார். "கணிப்புத் தப்பிடுச்சு, சார்."

மதுரையிலிருந்து கோயமுத்தூர் போகிற வழியில், தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. அது பைலட் குற்றமில்லை. எஞ்சினைப் பிரித்துப் பார்த்து அதிகாரியே சொல்லிவிட்டார். ஆனால் எஞ்சின் நின்ற பிறகு எங்கே இறக்குவது என்பது பைலட் கையில்தானே இருக்கிறது?

"குளத்துல இறக்கியிருந்தா ஒரு கீறல் விழுந்திருக்காது. இதே பதிலை நான் எழுதினா உங்க லைசென்ஸ் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும், சார்."

அட, வேறு ஏதாவது சொல்லித் தொலையேன் மனுசா! வாயில் என்ன கொழுக்கட்டையா? ம்ஹூம். தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சுற்றி நின்ற ஊர்ச்சனமும் தரையைத்தான் பார்த்தது.

குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த நைனா முகமது மட்டும், காவலுக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டரை நச்சரித்துக்கொண்டிருந்தார். "விமானம் கிடக்கட்டுங்க. என் மீன் அம்புட்டையும் எவனோ அள்ளிட்டுப் போயிட்டான். கேஸ் போடுங்க!"

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"செத்த பொறுங்கய்யா!"

வெங்காயக் காட்டுக்காரி ஜக்கம்மாள். நஷ்டஈடு கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தார் அதிகாரி.

"குளத்துக்குள்ள நாங்க நின்னோம்யா. பிள்ளைகுட்டியோட ஊரே இறங்கி மீன் பிடிச்சுக்கிட்டிருந்தோம். எஞ்சின் நின்னுபோச்சுல்ல, சத்தமே கேக்கலை. நிமிந்து பாத்தா தலைக்கு மேல வருது! எங்களைப் பாத்துட்டுத்தேன் இவரு என் காட்டுப் பக்கம் திருப்புனாரு."

"இதை ஏன்யா சொல்லலை?" அதிகாரி பைலட்டிடம் பாய்ந்தார்.

ஜக்கம்மாள் அழுதேவிட்டாள். "நாங்கதேன் சொல்ல வேணாம்னு கும்பிட்டோம். குத்தகைக்காரரு தன் மீனைப் பிடிச்சு முடிச்சு, கரையில நின்னு துண்டை வீசுன பெறகுதேன் ஊரு இறங்கணும். அதுதேன் வழக்கம். அதுக்கு முன்னாடியே இறங்கிட்டோம். களவுதேன். எங்களைப் பிடிச்சுட்டுப் போங்க. எங்களால அவரு பொழப்பு போக வேணாம்யா."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "நல்லவேளை சொன்னீங்கம்மா. லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது, உடையப்பன். வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க."

உடையப்பன் அப்போதுதான் நிமிர்ந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் விடவில்லை. "ஆக, களவை ஊரே ஒத்துக்கிச்சு. என்ன பாய், கேஸ் எழுதிரலாமா?"

நைனா முகமது குளத்தைப் பார்த்தார். இடுப்பில் பிள்ளைகளோடு நின்ற சனத்தைப் பார்த்தார்.

"அட, மறந்தே போயிட்டேனே! அன்னைக்குக் காலையில துண்டை வீசுனதே நான்தானேங்க!"