வெள்ளைக் கூரை

"இதைப் பாருங்க, இதுக்குப் பேரு டெம்பேயா?"

மர்சினியின் வாசலில் நின்று வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள் நிங்ரும். வெள்ளையாகப் பூத்து ஒரே கட்டியாக இறுகியிருக்க வேண்டிய சோயா, பயறு பயறாக உதிர்ந்து அவள் கையில் கொட்டியது.

"எண்ணெயில போட்டா பிரிஞ்சு போகுது. காலையில ஒரு ஆளு என் கடையில நின்னு, 'சுண்டலா விக்கிறே?'ன்னு கேட்டுட்டுப் போறான்."

"ஒரு நாள் வெச்சிருந்து பொரி. சரியாயிடும்," என்றாள் மர்சினி, தலையைத் தூக்காமல்.

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க. முடியலேன்னா தொழிலை விட்டுடணும்க்கா. இல்ல, பயறு பூக்கப் போடுற உறையில கஞ்சத்தனம் பண்றீங்களா?"

மர்சினியின் முகம் சிவந்துவிட்டது. இந்தோனேசியாவின் செமாராங்கில் அந்தச் சந்துக்குள் அவள் டெம்பேயைக் குறை சொன்னவர் கிடையாது. கல்யாண வீட்டுக்காரர்கள்கூட வேறு ஆளிடம் போக மாட்டார்கள். அந்தப் பேர்தான் அவளுடைய சொத்து.

"கஞ்சத்தனமா? நானா? பிடிக்கலேன்னா வேற இடத்துல வாங்கிக்கடி!"

"வாங்கத்தான் போறேன்!"

நிங்ரும் விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தாள். வீடு என்ன, அடுத்த வாசல்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே நீளத் தகரக் கூரை, நடுவில் ஒரு பலகைச் சுவர்.

பாயில் குழந்தை பாயு அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் இந்த மத்தியான நேரத்தில் உடம்பெல்லாம் வேர்க்குருவோடு வீறிடுவான். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட்டைக் கூரைக்கு அடித்த பிறகுதான் வீடு வீடாக இருக்கிறது. முப்பத்தெட்டு டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த அறை இப்போது முப்பத்தொன்றைத் தாண்டுவதில்லை. சுவரில் தொங்கும் வெப்பமானியை அவள் பெருமையோடு காட்டாத ஆள் தெருவிலேயே பாக்கியில்லை.

மறுநாள் பெயின்ட்டர் கித்தோ ஏணியோடு வந்தான்.

"ரெண்டாவது கோட்டிங்க்கா. மர்சினியக்கா பக்கம் அடிக்கட்டுமா, விட்டுடட்டுமா? கேட்டுச் சொல்லுங்க."

"எதுக்கு விடணும்? ஒரே கூரைதானே?"

"டெம்பே போடுறவங்க யாரும் அடிக்க விடமாட்டாங்க. அதுக்குச் சூடு வேணும், அறை குளிர்ந்தா பயறு சீக்கிரம் பூக்காது. போன தடவையே அவங்க பக்கத்தை விட்டுட்டுத்தான் இறங்கினேன்."

"அப்புறம்?"

"திரும்ப ஏத்தி விட்டுட்டாங்க. 'இந்தச் சுவர் கூரை வரைக்கும் போகலடா. என் பக்கம் கொதிச்சா அனல் அப்படியே அந்தக் குழந்தை மேல இறங்கும். முழுசா அடி'ன்னாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. நான் ஒரு ஓட்டைவாய்."

நிங்ரும் அண்ணாந்து பார்த்தாள். பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. நேற்றுப் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து அவளுக்குக் கூசிப்போனது.

நேராக மர்சினியின் வீட்டுக்குள் போனாள். வாழையிலைப் பொட்டலங்கள் அடுக்கிய தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"ஏய், எங்கடி எடுத்துட்டுப் போறே?"

"என் பின்கட்டு அடுப்படிக்கு. விடிஞ்சா எண்ணெய்ச் சட்டி இறங்குறதே இல்ல. அங்க எந்தப் பெயின்ட்டு ஜம்பமும் பலிக்காது. ராத்திரி முழுக்க அந்தச் சூடு அப்படியே நிக்கும்."

மர்சினிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அந்தக் கித்தோ பயலை..." என்று பல்லைக் கடித்தாள். தட்டின் மறுமுனையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வைடி கீழே. ரெண்டு நாள் வெச்சா இங்கயே பூக்கும்."

"ரெண்டு நாள் காத்திருக்க நேரம் எங்கக்கா இருக்கு? நாளைக்கு ஒருத்தனாவது 'மர்சினி டெம்பேயா இது?'ன்னு கேட்டா, அவனுக்கு என் கடையில இடம் கிடையாது. கேட்கவே விடக் கூடாது. விடுங்க தட்டை."

"மாட்டேன். என் டெம்பே என் வீட்டுலதான் பூக்கணும். அடுத்த வீட்டு அடுப்புச் சூடு எனக்கு எதுக்கு?"

நிங்ரும் தட்டை விடவில்லை.

"என் பிள்ளை மட்டும் அடுத்த வீட்டுக் கூரைக் குளிர்ச்சியில தூங்கலாமாக்கா?"