நாத்தனாருக்கு மட்டும் தேன்

வந்து தங்கியிருந்த நாத்தனார் செல்லியம்மாளுக்குத் தன் புருஷன் இருசப்பன் தினமும் தேன் ஊட்டுவதைப் பார்த்தே சாலம்மாள் பாதி இளைத்துவிட்டாள்.

"இன்னாய்யா, மலைத்தேன் அக்காவுக்கு மட்டுந்தானா?"

"அது ஒனக்கு ஆவாதுடி."

சும்மா விடுவாளா? அவன் வெளியே போனதும் அரை பாட்டிலைக் குடித்துவிட்டாள். மத்தியானத்திலிருந்து கக்கூசே கதி.

வீடு திரும்பிய இருசப்பன் பாட்டிலைப் பார்த்துவிட்டு, கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று கத்தினான்: "அது பேதி மருந்துடி! கொடல்ல கிருமி கக்குற வெசம் அக்கா ஈரலுக்குப் போவுதாம். அத்தோட சண்டை போடற ஒடம்போட காவல் அணுங்களே ஈரலயும் புண்ணாக்குதாம். வெசத்த வெளியேத்தத்தான் டாக்டரு குடுத்தாரு. ஈரல் நோவுன்னா ஊரே குடிகாரின்னு பேசும்னு அக்காதான் யாருக்கும் சொல்லாதன்னுச்சு!"

சாலம்மாள் தலைகுனிந்தபடி கதவைத் திறந்தாள். எதிரே சொம்போடு செல்லியம்மாள்.

"உப்பு, சக்கர போட்ட தண்ணி. குடிம்மா. மீதித் தேன மட்டும் எனக்கு வுட்டுடு."